எட்டாவது தூணில் எறும்பு

அத்தியாயம் 11

"மேடம், ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்கண்ணே."

"இதை மாட்டிக்கிட்டு நீங்க நிக்கிறதைப் பாத்தா, வெல்டிங் பட்டறையில சேர்ந்த அன்னைக்கே ஓனர் கடையை மூடிட்டு ஓடிட்ட மாதிரி இருக்குது."

கீதாஞ்சலி சிரிக்கவில்லை. நெற்றியில் ஈரச் செங்கலைக் கட்டித் தொங்கவிட்டது போலக் கனத்தது அந்தக் கண்ணாடி. திண்டிவனத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே துப்பறியும் அலுவலகம் திறந்து இரண்டு வருடம் ஆகிறது. காணாமல் போன பைக், கல்யாணத்துக்கு முந்தின நாள் காணாமல் போன மாப்பிள்ளை என்று முப்பது கேஸ் பார்த்திருக்கிறாள். ஒரு உயிர் போன கேஸ் இதுதான் முதல். ஜான்சன் அவளைவிட இருபது வயது மூத்தவர். இருபத்திரண்டு வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டிவிட்டு, இப்போது அவளுடைய வேனையும் தன் வாயையும் சேர்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

கண்ணாடி வழியே பார்த்தபோது அந்தக் கூடம் இரண்டாகத் தெரிந்தது. ஒன்று சிமெண்டில் நின்றது. இன்னொன்று பச்சைக் கோடுகளாய் அதன் மேலேயே படிந்திருந்தது. தூணின் மேல் தூண், உத்தரத்தின் மேல் உத்தரம். ஒரு நூல் அளவுகூட விலகல் இல்லை.

உப்பளங்களுக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் நடுவே எழும்பிக்கொண்டிருந்த மீன் குளிர்பதனக் கூடம் அது. மண்ணில் கட்டுவதற்கு முன்பே கம்ப்யூட்டரில் கட்டி முடித்துவிட்டார்கள். அந்த மாடலும் இந்தக் கட்டடமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கத்தான் இந்தக் கண்ணாடி. மாட்டிக்கொண்டால் தரைக்குள் புதைந்த கேபிள்கூடச் சிவப்புக் கோடாகத் தெரியும். இதைப் பார்த்துச் சொல்வது பூங்குழலியின் வேலை. அனுமந்தையில் கட்டுமரம் ஓட்டுகிறவரின் மகள். இருபத்து நான்கு வயது.

வெள்ளிக்கிழமை காலை அவள் பார்த்தாள். துளை போடக்கூடாத இடத்தில் சிவப்புச் சாக்பீஸ், போடலாம் என்ற இடத்தில் நீலம் என்று வட்டம் போட்டாள். நீல வட்டத்துக்குள் துளைக் கருவியை வைத்து அழுத்திய மரியதாஸ் என்பவர் மின்சாரம் தாக்கி அங்கேயே விழுந்தார். புதுச்சேரி போய்ச் சேரும்போது உயிர் இல்லை.

இன்று திங்கள். கவனக்குறைவு என்று பூங்குழலியின் மேல் கம்பெனி புகார் கொடுத்துவிட்டது. காலையிலிருந்து ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

"சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் பாருங்க. அதுக்கு மேல அந்தப் பொண்ணைக் கைது பண்றதைத் தவிர எனக்கு வேற வழி இல்லை" என்று இன்ஸ்பெக்டர் வெற்றிச்செல்வன் சொல்லியிருந்தார். இப்போது மணி இரண்டே முக்கால்.

பூங்குழலி காலையில் ஸ்டேஷனில் கீதாஞ்சலியிடம் ஒரு கட்டுக் காகிதத்தைக் கொடுத்து, ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாள். "எல்லாம் கச்சிதமா பொருந்திச்சு மேடம். ரெண்டு தடவை பாத்தேன்."

கீதாஞ்சலி கண்ணாடியைக் கழற்றி, பாக்கெட் நோட்டைத் திறந்தாள். காலையில் எழுதியது: ஒன்று, மாடல் தவறா? இரண்டு, கட்டடம் தவறா? மூன்று, பார்த்த கண் தவறா? மூன்றுக்கும் எதிரே கேள்விக்குறி. நான்காவதாக, கொஞ்சம் சின்ன எழுத்தில், 'நான் எதையோ பார்க்காமல் விடுகிறேனா?' என்றும் எழுதியிருந்தாள். அது எல்லா கேஸிலும் எழுதுவது.

"அண்ணே, கண்ணாடியில சிவப்புக் கோடு அங்க ஓடுது" என்று கை நீட்டினாள். "கருகின துளை இங்க இருக்குது. நடுவுல முழுசா ஒரு தூண்."

"அப்ப கேபிள் போட்டவன் ஒரு தூண் தள்ளிப் போட்டுட்டான். கேஸ் முடிஞ்சிது. போற வழியில கூனிமேட்டுல நிறுத்துறேன், பிரியாணி நீங்க வாங்கித் தர்றீங்க."

"கேபிள் போட்டது யாரு?"

"அதோ வர்றாரே."

சகாதேவன் வந்துகொண்டிருந்தான். சைட் சூப்பர்வைசர். முகத்தில் மூன்று நாள் தாடி.

"நீங்கதான் அந்தப் பொண்ணுக்காக வந்தவங்களா? கேளுங்க. எனக்கும் அதுக்கும் ஆவாது, அதை மறைக்கல. அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரெண்டு இன்ச்சு தப்பு, மூணு இன்ச்சு தப்புன்னு சொல்லியே மூணு செவுத்தை இடிக்க வெச்சுது. ஆனா கேபிள நான் ஒழுங்காத்தான் போட்டேன்."

"எங்க போட்டீங்க?"

"ட்ராயிங்ல எங்க இருக்குதோ அங்க. ஒம்போதுக்கும் பத்துக்கும் நடுவுல." போனை எடுத்து நீட்டினான். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் எடுத்த படம். ஒன்பது என்று கரியால் எழுதிய தூண், பத்து என்று எழுதிய தூண், இடையே மண்ணில் பாம்பு மாதிரி கேபிள்.

ஜான்சன் எட்டிப் பார்த்தார். "பிரியாணி போச்சு" என்றார்.

"இப்ப தூண்ல நம்பரைக் காணோமே?" என்றாள் கீதாஞ்சலி.

"புதன்கிழமை ஆயுத பூஜை இல்லையா? செவ்வாய்க்கிழமையே எல்லாத்தையும் கழுவச் சொன்னேன். கரி நம்பரு, கழுவினதுல போயிடுச்சு."

"கேபிள்ல கரண்ட் இருக்கும்போதே துளை போடச் சொன்னது யாரு?"

சகாதேவன் தரையைப் பார்த்தான். "ஃப்ரீசர் டெஸ்ட் ஓடிக்கிட்டு இருந்துச்சு. கரண்ட்டை நிறுத்தக் கூடாதுன்னு மேல இருந்து சொல்லிட்டாங்க. கண்ணாடி பாத்துச் சொல்லுதே, அப்புறம் எதுக்கு நிறுத்தணும்னாங்க."

அவன் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதிக்கொண்டாள். ஆனால் கணக்கு இன்னும் இடித்தது. வரைபடம் ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே என்கிறது. கேபிளும் அங்கேதான் இருக்கிறது. மாடல் சரி, கட்டடமும் சரி. அப்படியானால் மூன்றாவது கேள்விதான் மிச்சம். பார்த்த கண். ஐந்து மணிக்கு வெற்றிச்செல்வனிடம் போய், நீங்கள் சொன்னது சரிதான் சார் என்று சொல்லிவிட்டு வரவேண்டியதுதானா?

"மேடம்." ஜான்சனின் குரல் தூண்களுக்கு நடுவிலிருந்து வந்தது. "எறும்புக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா?"

"அண்ணே, நேரம் இல்லை."

"இல்ல, வந்து பாருங்க. படிக்க வரிசை கட்டி நிக்குதுங்க."

ஒரு தூணின் மார்பளவு உயரத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் அச்சிட்ட தாள் ஒட்டியிருந்தது. கண்ணாடிக்கு அதுதான் விலாசம். அந்தத் தாளைப் பார்த்துத்தான் தான் எங்கே நிற்கிறோம் என்று அது தெரிந்துகொண்டு, மாடலைக் கொண்டுவந்து கட்டடத்தின் மேல் வைக்கும். தரையிலிருந்து கிளம்பிய சிவப்பெறும்புச் சாரை நேரே அந்தத் தாளுக்கு அடியில் நுழைந்துகொண்டிருந்தது.

கீதாஞ்சலி நகத்தால் தாளின் ஓரத்தைக் கிளப்பினாள். பின்னால் பழுப்பாய்க் காய்ந்த பசை. நடுநடுவே நசுங்கிய சோற்றுப் பருக்கை. முகர்ந்தாள். ஏலக்காய்.

"சர்க்கரைப் பொங்கல்" என்றாள்.

"கம்பெனி டேப்பு வாங்கித் தரலன்னு சாமி பிரசாதத்துல ஒட்டியிருக்காங்க. இதுக்கு மேல ஸ்ட்ராங்கா எதுவும் கிடையாது மேடம். எங்க வீட்டு டெலிபோன் பில்லே சோத்துலதான் சுவத்துல நின்னுச்சு."

தாளின் கீழ் மூலையில், கடுகு அளவில் தூணின் எண் அச்சாகியிருந்தது. ஏழு. கட்டங்களைக் கண்ணாடி படித்துவிடும். மூலையில் இருக்கும் எண்ணை மனிதர்தான் குனிந்து படிக்கவேண்டும்.

அவள் தூண் எண் தொடங்குகிற சாலைப் பக்கத்துக் கோடிக்கு நடந்தாள். அங்கிருந்து ஒவ்வொரு தூணாய்த் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தாள். எட்டு. தன் எண்ணிக்கையை நம்பாமல் திரும்பிப் போய் மறுபடி எண்ணினாள். எட்டு. மூன்றாவது தடவை ஜான்சனை எண்ணச் சொன்னாள்.

"எட்டுதான் மேடம். எங்க ஊர்ல ஏழுக்கு அப்புறம் அதான் வரும்."

ஏழாவது தூணுக்குப் போனாள். எதிர்ச் சுவரில், சாமான் ஏற்றத் தற்காலிகமாக விட்டிருந்த, மாடலில் இல்லாத ஒரு திறப்பு. அதற்கு வெளியே உப்புப் பாத்திகள், அதற்கும் அப்பால் உப்பங்கழி. காற்று நேராக இந்தத் தூணின் மேல்தான் அடித்தது. தூண் முழுக்க ஈரம் கசிந்து, வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தது. மார்பளவு உயரத்தில் ஒரு சதுரத்தில் மட்டும் அந்தப் பூச்சு மெலிதாக இருந்தது. தாளின் அளவுக்குச் சரியாக.

ஒரு தூண் தள்ளி ஒட்டிய தாள் மாடல் முழுவதையும் ஒரு தூண் தள்ளி வைத்துவிட்டது. ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே தெரியவேண்டிய சிவப்புக் கோடு பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவே போய்விட்டது. எல்லாத் தூணும் ஒரே அச்சு, ஒரே இடைவெளி. அதனால் தூணின் மேல் தூண் கச்சிதமாய்ப் பொருந்தியது. சாலைப் பக்கம் இன்னும் சுவரே எழவில்லை. மறு கோடியைக் கூரை வரை அடுக்கிய தெர்மாகோல் பலகைகள் மறைத்திருந்தன. தப்பைக் காட்டிக்கொடுக்க எதுவுமே இல்லை. பூங்குழலி எத்தனை தடவை பார்த்திருந்தாலும் பொருந்தித்தான் இருக்கும்.

"பிடிச்சிட்டோம்" என்றார் ஜான்சன். "எவனோ வேணும்னே மாத்தி ஒட்டியிருக்கான். அந்தப் பொண்ணு பேரைக் கெடுக்க." பார்வை சகாதேவன் மேல் நின்றது. "மூணு செவுத்தை இடிச்சவருக்கு வயிறு எரியாம இருக்குமா?"

"யோவ், நான் பூஜை முடிஞ்சதும் இரும்பை கிராமத்துக்குப் போயிட்டேன். எங்க மாமியார் வீடு. அன்னைக்குச் சாமானைத் தொடக் கூடாதுன்னு எல்லாரும்தான் கிளம்பிட்டாங்க. அப்புறம் வெள்ளிக்கிழமைதான் கேட்டைத் தொறந்தோம்."

"புதன்கிழமை கடைசியா கிளம்பினது யாரு?" என்றாள் கீதாஞ்சலி.

"பொரியும் பூசணிக்காயும் சிதறிக் கெடந்துச்சு. பெருக்கிட்டுப் போகச் சொல்லி ஒரே ஆளை மட்டும் நிக்க வெச்சேன்." சட்டென்று அவன் நிறுத்தினான். அவனுக்கும் அப்போதுதான் உறைத்திருக்கவேண்டும். வாயைக் கையால் துடைத்துக்கொண்டான்.

"யாரு?"

"சாலம்மா. மரியதாஸ் பொண்டாட்டி."

கீதாஞ்சலியின் பேனா நோட்டின் மேல் அப்படியே நின்றது. ஜான்சன் வேன் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

வேன் உப்பளத்து மண் பாதையில் ஊர்ந்தது. மழைக்காலம் தொடங்கிவிட்டதால் பாத்திகளில் வேலை நின்றிருந்தது. கடைசி உப்புக் குவியல்கள் கீற்றுப் போர்த்திக்கொண்டு வரிசையாக நின்றன. உப்பு வேலை நின்றதும் இங்கே பாதிப் பேர் சித்தாள் வேலைக்கும் பெருக்கும் வேலைக்கும் போய்விடுவார்கள். மரியதாஸும் சாலம்மாளும் அப்படித்தான் போன மாதம் இந்தக் கூடத்துக்கு வந்தார்கள்.

"அண்ணே, அவங்ககிட்ட கேக்காம இதை எழுத முடியாது. கேட்டா அவங்களுக்குத் தெரிஞ்சிடும்."

ஜான்சன் கியரை மாற்றினார். "ஆம்புலன்ஸ் ஓட்டும்போது, பின்னாடி இருக்கிற ஆளு போயிட்டான்னு சில சமயம் எனக்கு முன்னாடியே தெரிஞ்சிடும். சைரனை நிறுத்த மாட்டேன். கூட வர்றவங்க ஆஸ்பத்திரி வரைக்குமாவது நம்பிட்டு வரட்டும்னு."

"அது சரியா?"

"இன்னிக்கு வரைக்கும் தெரியல மேடம்."

வீட்டு வாசலில் சாமியானாவின் கம்புகள் மட்டும் மிச்சம் இருந்தன. உள்ளே சுவரில் மாதா படம், அதற்குக் கீழே ஸ்டூலில் மரியதாஸின் ஆதார் அட்டைப் படத்தைப் பெரிசாக்கி வைத்திருந்தார்கள். சாலம்மாள் முப்பத்தைந்து வயது இருப்பாள். உப்பில் நின்று நின்று பாதம் வெடித்திருந்தது. அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, தான் நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

"பூங்குழலிக்காக வந்திருக்கோம்க்கா" என்றாள் கீதாஞ்சலி.

"அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோவம் இல்லம்மா. கம்பெனிக்காரங்க வந்து கையெழுத்து கேட்டாங்க, நான் போடல. அது நல்ல பொண்ணு. டீ வந்தா எனக்குக் குடுத்துட்டுத்தான் குடிக்கும்."

"புதன்கிழமை பூஜை முடிஞ்சு நீங்கதான் பெருக்கினீங்களா?"

"ஆமா."

"தூண்ல கட்டம் போட்ட பேப்பர் ஒண்ணு..."

சாலம்மாளின் முகத்தில் மூன்று நாளில் முதல் முறையாக ஏதோ தெளிந்தது. "கீழ விழுந்து கெடந்துச்சு. ஈரத்துல டேப்பெல்லாம் விட்டுப்போச்சு. அக்கா, அது எனக்குக் கண்ணு மாதிரி, கழுவுறப்ப பாத்துக்கங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லியிருக்குது. அப்படியே உட்டுட்டு வர மனசு வரல. டேப்பு எங்கன்னு தேடினேன், கெடைக்கல. அவருக்குன்னு எலையில பொங்கல் மடிச்சு வெச்சிருந்தேன். அவரு இனிப்புன்னா உசுர உடுவாரு. அதுலேர்ந்து ஒரு உருண்டை எடுத்து நல்லா நசுக்கித் தடவி ஒட்டினேன். ராத்திரி எலையைப் பிரிச்சிட்டு, ஏண்டி, சாமியே பாதி தின்னுடுச்சான்னு கேட்டாரு."

ஜான்சன் மாதா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க ஒட்டினீங்க?" கேட்கும்போதே கீதாஞ்சலிக்குத் தன் குரல் பிடிக்கவில்லை.

"அது விழுந்த தூண்லதான் மொதல்ல வெச்சேன். நிக்கல. உப்புக் காத்து படுற பக்கம் அது, கசிஞ்சிக்கிட்டே இருக்கும், பசை புடிக்காது. உப்புல வேலை செஞ்சவளுக்கு அது தெரியாதா? பக்கத்துத் தூணு நல்லாக் காஞ்சு இருந்துச்சு. அதுல ஒட்டினேன். எல்லாத் தூணும் ஒண்ணு மாதிரிதானே." நிமிர்ந்து பார்த்தாள். "ஏம்மா? நல்லா ஒட்டியிருந்துச்சு இல்ல? மறுபடி விழுந்துடுச்சா?"

"விழலக்கா" என்றாள் கீதாஞ்சலி. "நல்லா ஒட்டியிருந்துச்சு."

அதோடு எழுந்துவிடலாம் என்று தோன்றியது. யாரோ மாற்றி ஒட்டினார்கள், யார் என்று தெரியவில்லை என்று எழுதிவிடலாம். நோட்டை மூடினாள். ஆனால் சாலம்மாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஜான்சனை. பிறகு வாசலுக்கு வெளியே, வரப்பு வரப்பாய்ப் பிரிந்து கிடந்த பாத்திகளை.

"அந்தப் பேப்பரை வெச்சுத்தான் கண்ணாடி எடம் கண்டுபுடிக்குதா?" என்று கேட்டாள்.

கீதாஞ்சலி மூடிய நோட்டைத் தரையில் வைத்தாள்.

"பாத்தியில மடை தொறக்குறப்ப எண்ணித்தான் தொறப்போம்" என்றாள் சாலம்மாள் மெதுவாக. "ஒரு வரப்பு தள்ளி எண்ண ஆரம்பிச்சா, காஞ்ச உப்பு மேல தண்ணி பாஞ்சிடும். எல்லாப் பாத்தியும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும். பாஞ்சதுக்கு அப்புறந்தான் தெரியும்."

நிலைப்படியிலிருந்து மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. வலது கையை மடியில் மல்லாத்தி வைத்து, விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரலால் ஆள்காட்டி விரலை ஒருமுறை தேய்த்தாள், எதையோ நசுக்குவது போல.

கீதாஞ்சலி தரையில் இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்குது?"

"ஸ்டேஷன்லக்கா. அஞ்சு மணி வரைக்கும் டைம்."

"சாப்பிட்டுச்சா?"

"தெரியல."

சாலம்மாள் எழுந்தாள். முகம் கழுவினாள். மாதா படத்தின் முன் சிலுவை போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கி, பாதியில் இறக்கிவிட்டாள். "வண்டியில எடம் இருக்குதா?" என்று ஜான்சனைக் கேட்டாள்.

"அக்கா, நீங்க வரணும்னு இல்ல" என்றார் அவர்.

"நான் சொல்லலன்னா யாரு சொல்லுவா?"

வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தச் சொல்லி இரண்டு பன் வாங்கினாள்.

ஸ்டேஷனுக்குள் அவர்கள் நுழைந்தபோது மணி நாலு நாற்பது. பூங்குழலி பெஞ்சிலிருந்து எழுந்து நின்றாள். சாலம்மாளைப் பார்த்ததும் தலை தானாகக் குனிந்தது. சாலம்மாள் அவளைத் தாண்டிப் போய் மேஜைக்கு முன்னால் நின்றாள்.

"நான்தான் சார் ஒட்டினேன்" என்றாள். எங்கே, எப்படி, எதனால் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"அந்தப் பேப்பரைப் பாத்துக்கங்கன்னு அக்காகிட்ட சொன்னது நான் சார்" என்றாள் பூங்குழலி. "மூலையில இருந்த நம்பரைப் படிக்காம உட்டதும் நான்தான்."

வெற்றிச்செல்வன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கீதாஞ்சலியை. "இப்ப நான் யாரை எழுதுறது?"

காலையில் வாங்கிய காகிதக் கட்டு அப்போதுதான் கீதாஞ்சலிக்குப் புரிந்தது. பூங்குழலி கம்பெனிக்கு அனுப்பிய மூன்று மெயில்கள். உப்புக் காற்றில் தாள் உதிர்கிறது, தகட்டில் அச்சடித்து ஸ்க்ரூ போட்டு முடுக்கித் தாருங்கள், ஒரு தூணில் மட்டும் போதாது, இரண்டு இடத்தில் வேண்டும் என்று மூன்று தடவை கேட்டிருந்தாள். மூன்றாவதுக்கு மட்டும் ஒரு வரி பதில் இருந்தது: திறப்பு விழா முடியட்டும், பார்ப்போம்.

அதை மேஜையில் வைத்தாள். அதன் மேல் நோட்டைத் திறந்து, கரண்ட்டை நிறுத்தவேண்டாம் என்று மேலிருந்து சொன்னதாகச் சகாதேவன் சொன்ன பக்கத்தை வைத்தாள். "தாளை யாரு ஒட்டினாங்கங்கறது மூணாவது கேள்வி சார். தகடு ஏன் தரல, கரண்ட்டை ஏன் நிறுத்தல, முதல் ரெண்டும் இங்க இருக்குது."

அவர் இரண்டு தடவை படித்தார். கம்பெனி மேனேஜரின் பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காவலரிடம் கொடுத்தார். "இவரைக் கூப்புடு" என்றார். பிறகு, குரலைத் தாழ்த்தி, "அவங்க ரெண்டு பேரையும் வெளிய போய் உக்காரச் சொல்லுங்க. எழுதி முடிச்சிட்டுக் கூப்புடுறேன்."

வெளியே பெஞ்சில் சாலம்மாள் ஒரு பன்னைப் பிய்த்துப் பூங்குழலியின் கையில் வைத்தாள். அவள் வாங்கிக்கொண்டு, வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தக் கண்ணாடியில அவரு தெரிஞ்சாரா?" என்று சாலம்மாள் கேட்டாள். "வெள்ளிக்கிழமை?"

"அதுல கட்டடந்தான் தெரியும்க்கா. அவரு பின்னாடி நின்னுக்கிட்டு, எல்லாம் சரியா இருக்குதாம்மான்னு கேட்டாரு. சரியா இருக்குதுண்ணேன்னு சொன்னேன்."

சாலம்மாள் தலையசைத்தாள். ஜான்சன் வேனுக்குப் போகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கீதாஞ்சலி நோட்டை எடுத்தாள். எதுவும் எழுதாமல் பைக்குள் வைத்தாள்.

"சாப்புடு" என்றாள் சாலம்மாள். "நீ சரியாத்தான் பாத்த. நானும் நல்லாத்தான் ஒட்டினேன்."